ஆசனப் படமும் ஏழு பேரும்: அணுகல்தன்மையை நாளாந்த வேலையாக்கிய ஓராண்டுப் பதிவு

பம்பலப்பிட்டியில் காலி வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஏழு பேர் கொண்ட சிறு குழுவாக நாங்கள் வேலை செய்கிறோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களுக்கு இரவில் ஓடும் சொகுசுப் பேருந்துகளுக்கான ஆசனப் பதிவுத் தளத்தை அமைத்துப் பராமரிப்பதே எங்கள் பிரதான பணி. மூன்று மொழிகளில் இயங்கும் அந்தத் தளத்தைப் பார்வையற்றவரும், கை நடுங்குபவரும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும் நிலைக்கு (இதையே அணுகல்தன்மை என்கிறோம்) கொண்டுவர 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முயன்றோம். முதல் முயற்சி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. அது ஏன் நிலைக்கவில்லை, அதன் பிறகு எங்கள் அன்றாட வேலைமுறையில் எவற்றை மாற்றினோம் என்பதை, இதே போன்ற வேலையில் இருக்கும் ஏனைய குழுக்களுக்கு உதவும் என்ற எண்ணத்துடன் இங்கே பதிகிறேன்.

வேலையைத் தொடக்கிவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. மாதம் இருமுறை யாழ்ப்பாணம் சென்றுவரும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தையில் உள்ள பதிவுக் கருமபீடத்துக்கு அழைத்திருந்தார். கருமபீடத்தில் இருந்த சகோதரி, இது தன்னால் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல என்று அழைப்பை எனக்கு மாற்றிவிட்டார். "தம்பி, உங்கட ஆசனப் படத்தில என்ர கொம்பியூட்டர் ஒவ்வொரு இலக்கமாச் சொல்லி 'கிளிக்கபிள், கிளிக்கபிள்' எண்டு மட்டும் வாசிக்குது. எது யன்னல் பக்கம், எது வெறுமையாக் கிடக்கு எண்டு ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒவ்வொரு முறையும் ஆரையாவது கூப்பிட்டுத்தான் பதிய வேணுமோ?" என்று அவர் கேட்டார். அன்று மாலை, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை என் கணினியில் நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தளத்தில் ஓர் ஆசனத்தைப் பதிய முயன்றேன். நாற்பது நிமிடம் முயன்றும் முடியவில்லை.

என்விடிஏ இலவசமாகக் கிடைப்பது. பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கரன் 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடக்கிய திறந்தமூல மென்பொருள் அது. அதனுடன் சேர்ந்தே வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் சிங்களத்தையும் பேசும். குரல் இயந்திரத்தன்மை உடையதுதான். ஆனால் எங்கள் குழுவில் எவரும் அதற்கு முன் தங்கள் சொந்தத் தளத்தைத் தமிழில் காதால் கேட்டதில்லை என்பதை நினைக்கும்போது, இவ்வளவு காலம் எதை வைத்துச் 'சோதித்து முடித்தோம்' என்று சொல்லிவந்தோம் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

அந்த ஆண்டு பெப்ரவரியில் நானும் இன்னொரு நிரலரும் இரண்டு வாரம் ஒதுக்கினோம். ஆக்ஸ்-கோர் என்னும் திறந்தமூலச் சோதனைக் கருவியைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, அது காட்டிய 61 பிழைகளை மூன்றாகக் குறைத்தோம். வாடிக்கையாளரான பேருந்து உரிமையாளருக்கு அறிக்கை அனுப்பினோம். வேலை முடிந்தது என்று நான் நம்பினேன்.

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழா. கொடியேற்றம் முதல் 25 நாட்கள் யாழ்ப்பாணப் பேருந்துகளில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே, அதற்கு முன்னதாகப் புதிய ஆசனப் படம் ஒன்றை வெளியிட வேண்டும் என்று உரிமையாளர் கேட்டிருந்தார். எங்கள் குழுவின் இளைய நிரலர் ஒருவர் மூன்று வாரத்தில் அழகான ஒன்றைச் செய்து முடித்தார். அதை வெளியிட்ட இரண்டாம் நாள் அதே ஆசிரியர் மீண்டும் அழைத்தார். பெப்ரவரியில் நாங்கள் சரிசெய்த அத்தனையும் புதிய படத்தில் இல்லாமற் போயிருந்தது.

அந்த இளைஞர்மேல் குற்றம் இல்லை என்பதை நான் அன்றே குழுவிடம் சொன்னேன். பெப்ரவரியில் கற்றவற்றை நான் என் தலைக்குள் வைத்துக்கொண்டேன். அவருடைய வேலைப் பாதையில், வடிவமைப்புக் கோப்பிலிருந்து நிரல் மீளாய்வு வரை, 'இதைக் காதால் கேட்பவர் என்ன செய்வார்' என்று அவரிடம் கேட்கும் இடம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆகவே, பிழைகளைத் திருத்துவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தப் பாதையை மாற்றுவதை முதல் வேலையாக எடுத்தோம்.

முதலில் யாருடைய கை?

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டிகளின் 2.2 ஆம் பதிப்பை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 ஒக்டோபர் 5 அன்று வெளியிட்டது. அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என்னும் மூன்று நிலைகளில் 86 தேர்வு விதிகள் உள்ளன; நடைமுறையில் பலரும் இலக்காகக் கொள்ளும் ஏஏ நிலையை அடைய, ஏ, ஏஏ இரண்டையும் சேர்த்து 55 விதிகளை நிறைவுசெய்ய வேண்டும். இந்த 55 ஐயும் ஒரே ஆளிடம் கொடுத்து 'நீங்கள்தான் அணுகல்தன்மைப் பொறுப்பாளர்' என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் ஏழு பேரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொரு விதியையும் உரத்து வாசித்து, 'இந்த விடயத்தை முதன்முதலில் முடிவுசெய்யும் கை யாருடையது?' என்று மட்டும் கேட்டோம். நிற வேறுபாடு, பொத்தானின் அளவு, குவியம் (விசைப்பலகையால் நகரும்போது இப்போது எந்த உறுப்பில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் அடையாளம்) எப்படித் தோன்றும் என்பன வடிவமைப்பாளருடைய கையில் இருந்தன. படங்களுக்கான மாற்றுரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைச் சொல்லும் வரி), தலைப்பு ஒழுங்கு, இணைப்பின் சொற்கள் ஆகியவை அறிவித்தல்களைத் தட்டச்சுச் செய்யும் அக்காவுடைய கையில். ஒவ்வோர் உறுப்பும் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் பெயர், வகை, விசைப்பலகை இயக்கம் நிரலர்களிடம். நேர வரம்பும் கடவுச்சொல் முறையும் உரிமையாளருடன் பேசி முடிவெடுக்கும் முகாமையாளரிடம். பிரித்துப் பார்த்தபோது, நிரலர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று நான் நினைத்திருந்தவற்றில் கணிசமான பங்கு, நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்பது தெரிந்தது.

ஒவ்வொருவருக்கும் தம் பங்கு மட்டும் அடங்கிய ஒரு பக்கத் தாள் கொடுத்தோம். வடிவமைப்பாளருக்கு நிரல்பற்றிய ஒரு சொல்லும் அதில் இல்லை; தட்டச்சுச் செய்யும் அக்காவுக்கு நிறங்களின் விகிதம்பற்றிய பேச்சு இல்லை. சுருக்கமாக இருந்ததால்தான் அந்தத் தாள்கள் இன்னும் மேசைகளில் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஆசனப் படத்தை மூன்றாம் முறை கட்டியது

இந்தப் பதிவில் மிக விரிவாகச் சொல்ல வேண்டியது ஆசனப் படத்தின் கதையைத்தான், ஏனெனில் எங்கள் எண்ணம் மாறியது அங்கேதான். பேருந்தில் 45 ஆசனங்கள்: பத்து வரிசைகளில் இருபுறமும் இரண்டிரண்டாக நாற்பது, கடைசி வரிசையில் ஐந்து. பழைய படத்தில் ஒவ்வோர் ஆசனமும் பொருள் எதுவும் இல்லாத வெற்றுப் பெட்டி. வெறுமையானது பச்சை, பதிவானது சிவப்பு, பெண் பயணி பதிந்த ஆசனம் இளஞ்சிவப்பு. நிறத்தால் மட்டும் தகவல் சொல்லக் கூடாது என்பது வழிகாட்டியின் மிக அடிப்படையான விதிகளில் ஒன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எத்தனையோ பேர் எங்கள் பேருந்துகளில் பயணம் செய்வார்கள் என்பதை அதுவரை எவரும் யோசித்ததில்லை.

பெப்ரவரித் திருத்தத்தில் நான் ஒவ்வொரு பெட்டிக்கும் 'பொத்தான்' என்ற அரியா வகையை (ஓர் உறுப்பு என்ன என்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்பு) சூட்டி, 'ஆசனம்' என்று பெயரும் கொடுத்திருந்தேன். ஆக்ஸ்-கோர் மகிழ்ச்சியுடன் அதை ஏற்றுக்கொண்டது, ஏனெனில் எல்லாப் பொத்தான்களுக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர் 45 இடங்களிலும் ஒன்றே என்பதோ, கேட்பவருக்கு அது எந்த உதவியும் செய்யாது என்பதோ கருவிக்குத் தெரியாது. தானியங்கிச் சோதனை பிழைகளில் ஒரு பங்கை மட்டுமே பிடிக்கும் என்று வாசித்திருந்தேன். அதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. அதோடு, விசைப்பலகையில் டேப் விசையை 45 முறை அழுத்தினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும் என்ற நிலையையும் நானே உண்டாக்கியிருந்தேன்.

இரண்டாம் முயற்சியாக, அம்புக்குறி விசைகளால் நகரும் சிக்கலான கட்ட அமைப்பு ஒன்றை எழுதினோம். என்விடிஏ-யில் ஓரளவு இயங்கியது. அன்ரொயிட் தொலைபேசியின் திரைவாசிப்பானான டோக்பேக்கில் குழப்பியது. எங்கள் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் தொலைபேசியில்தான் பதிகிறார்கள். ஆகவே அதைக் கைவிட்டோம். அரியாவைப் பயன்படுத்துவதற்கான முதல் விதியே, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அதே வேலையைச் செய்யும் இயல்பான உறுப்பு இருந்தால் அதையே பயன்படுத்து என்பதுதான். அந்த விதியை நாங்கள் வாசித்திருந்தோம், கடைப்பிடிக்கவில்லை.

மூன்றாம் முறை அதைச் சாதாரண அட்டவணையாகக் கட்டினோம். நெடுவரிசைகளுக்கு 'இடது யன்னல்', 'இடது நடைபாதை', 'வலது நடைபாதை', 'வலது யன்னல்' என்று தலைப்பு. வரிசைகளுக்கு 'வரிசை 1' முதல் 'வரிசை 10' வரை. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் இயல்பான தெரிவுப்பெட்டி ஒன்று. நடைபாதை குறுக்கிடாத கடைசி வரிசையின் ஐந்து ஆசனங்களையும் அதே அட்டவணைக்குள் திணிக்காமல் தனிக் குழுவாக வைத்தோம். பதிவான ஆசனத்தின் பெட்டி செயலிழந்திருக்கும். அதனால் டேப் விசை அதில் நிற்காது. ஆனால் அட்டவணைக்குள் நகர்ந்து வருபவருக்கு 'பதிவானது' என்று கேட்கும். பெண் பயணிக்கு அருகிலுள்ள ஆசனத்தில் நிறத்துடன் 'பெ' என்ற எழுத்தும், கேட்பவருக்கு 'அருகில் பெண் பயணி' என்ற சொற்களும் வரும். படத்தின் மேலே 'ஆசனங்களைத் தாண்டிச் செல்க' என்ற இணைப்பும், 'எனக்கு ஒரு யன்னல் ஆசனத்தைத் தெரிவுசெய்து தருக' என்ற பொத்தானும் வைத்தோம். அந்தப் பொத்தானை இன்று பார்வையுள்ளவர்களும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்று கருமபீடச் சகோதரி சொல்கிறார். கண்ணுக்குப் படம் முன்பு போலவே பேருந்தின் உட்புறமாகத் தெரிகிறது; அதற்கடியில் உள்ள நிரல், பழையதைவிடப் பாதியாகச் சுருங்கிவிட்டது.

மொழியும் எழுத்துருவும்

மூன்று மொழித் தளங்களுக்கே உரிய ஒரு பிழையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். எங்கள் பக்க வார்ப்புருவில் மொழி என்ற பண்புக்கு 'ஆங்கிலம்' என்ற குறியே எல்லாப் பக்கங்களிலும் இருந்தது. திரைவாசிப்பான் அந்தக் குறியை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்க முனைந்து, சில இடங்களில் மௌனமாகிவிட்டது. ஒரே ஒரு வரியைத் திருத்தியவுடன் முழுத் தளமும் தமிழில் பேசத் தொடங்கியது. மொழி மாற்றும் இணைப்புகளுக்கும் இது பொருந்தும்: தமிழ்ப் பக்கத்தில் சிங்கள எழுத்தில் இருக்கும் 'சிங்களம்' என்ற இணைப்புக்குச் சிங்களக் குறியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இலங்கையில் தளம் செய்பவர்கள் இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளலாம். உழைப்பு மிகக் குறைவு, பயன் மிகப் பெரிது.

பாமினி எழுத்துரு இதைவிடச் சிக்கலானது. பேருந்து உரிமையாளர்களின் அலுவலகங்களிலிருந்து வரும் அறிவித்தல்கள் பல இன்னும் பாமினியில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்த எழுத்துகள் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் எழுதி, திரைவாசிப்பானிடம் எழுத்தெழுத்தாக வாசிக்கக் கொடுத்தால், 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று வாசிக்கும். இதற்குப் பயந்து அறிவித்தலைப் படமாக மாற்றி ஏற்றும் வழக்கம் எங்களிடமும் இருந்தது. படமானால் திரைவாசிப்பானுக்கு ஒன்றுமே இல்லை. அறிவித்தல் ஏற்றும் அக்கா இப்போது ஒவ்வொன்றையும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட்டுக்கு மாற்றி ஏற்றுகிறார். அவருக்கு உதவியாக, தமிழ்ப் பெட்டியில் ஒட்டப்படும் உரையில் யூனிகோட்டில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட 128 இடங்களைச் சேர்ந்த எழுத்து ஒன்றுகூட இல்லையென்றால், 'இது பாமினியாக இருக்கலாம்' என்று எச்சரிக்கும் சிறு சோதனையை நிர்வாகப் பக்கத்தில் சேர்த்தோம். எழுதுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

காதால் கேட்டபோதுதான் தெரிந்த வேறு சிலவும் உண்டு. 'பி.ப. 8.30' என்பதை எங்கள் குரல் எழுத்துகளாகவும் தசம எண்ணாகவும் வாசித்தது. 'இரவு 8:30' என்று மாற்றினோம். 'இல.' என்பதை 'இலக்கம்' என்றும், 'ரூ.' என்பதை 'ரூபாய்' என்றும் விரித்து எழுதினோம். எழுத்து கூடியது, பார்ப்பவர்களும் முறையிடவில்லை.

நிறம், அளவு, நேரம்

எங்கள் வடிவமைப்பாளர் துணைத்தகவல்களுக்கு #999999 என்ற சாம்பல் நிறத்தைப் பயன்படுத்தியிருந்தார். வெள்ளைப் பின்னணியில் அதன் ஒளிவேறுபாட்டு விகிதம் 2.85:1 மட்டுமே, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 தேவை. அதை #777777 ஆக்கினார், 4.48:1 வந்தது. முழுமையாக்கி 4.5 என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் #767676 க்குப் போனோம், 4.54:1. வெப்எய்ம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024 இல் அவற்றில் 81 வீதமானவற்றில் ஒளிவேறுபாடு போதாத எழுத்து இருந்ததாக அது பதிந்துள்ளது. தமிழில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும் என்பது என் கருத்து. மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். 'ஒ', 'ஓ' இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழிதான். ஆகவே, தமிழ் எழுத்தை 14 இலிருந்து 16 பிக்சலுக்கு உயர்த்தி, வரி உயரத்தை 1.6 ஆக்கினோம். முன்பு நிலையான உயரம் கொண்ட பொத்தான்களில் 'கூ', 'ழு' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும் என்று விட்டபோது, 200 வீதம் பெரிதாக்கினாலும் பக்கம் குலையாமல் நின்றது.

ஆசனத்தைத் தெரிவுசெய்த பின் பணம் செலுத்தப் பத்து நிமிடம் கொடுக்கிறோம். பழைய தளத்தில் மீதி நேரத்தை ஒவ்வொரு விநாடியும் திரைவாசிப்பான் அறிவித்துக்கொண்டே இருந்தது. படிவத்தில் என்ன எழுதுகிறோம் என்பதைக் கேட்கவே முடியாது. இப்போது ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறை, இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு முறை மட்டும் சொல்கிறது. நேரம் முடிவதற்கு முன் எச்சரித்து, ஓர் எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும், குறைந்தது பத்து முறை நீட்டிக்கலாம் என்று வழிகாட்டி சொல்கிறது. 'திருவிழாக் காலத்தில ஒராள் ஆசனத்தைப் பிடிச்சு வைச்சிருந்தா மற்றாக்கள் என்ன செய்யிறது?' என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி. முகாமையாளர் அவருடன் இரண்டு முறை பேசினார். நீட்டிப்பு ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், பத்து முறை வரை என்று உடன்பட்டோம். அந்த ஏற்பாட்டால் ஆசனங்கள் முடங்கின என்ற முறைப்பாடு இதுவரை வரவில்லை.

அடையாள அட்டை இலக்கம் கேட்கும் பெட்டியில் பிழை நேர்ந்தால், முன்பு பெட்டியின் ஓரம் மட்டும் சிவக்கும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். எது தவறு என்று சொல்லாமல் சிவக்கும் பெட்டி, பார்வையுள்ள முதியவர்களையும் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இப்போது 'பன்னிரண்டு இலக்கங்கள் அல்லது ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் தேவை; நீங்கள் பதினொரு இலக்கங்கள் எழுதியுள்ளீர்கள்' என்று வாக்கியமாகவே சொல்கிறோம்; அந்த வாக்கியம் பெட்டியுடன் இணைக்கப்பட்டிருப்பதால், குவியம் அங்கே திரும்பும்போது தானாக வாசிக்கப்படும்.

பணம் செலுத்தும் பகுதி வேறொரு நிறுவனத்துடையது. எங்கள் கைக்கு அப்பாற்பட்டது. அவர்களுடைய பக்கத்தை எங்கள் பக்கத்துக்குள் தாங்கும் சட்டகத்துக்கு 'அட்டை மூலம் கட்டணம்' என்று பெயரிட்டதைத் தவிர எங்களால் உள்ளே எதையும் தொட முடியவில்லை. விசைப்பலகையால் எட்ட முடியாத பொத்தான்களைப் பட்டியலிட்டு அவர்களுக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். ஒன்று மட்டும் திருத்தப்பட்டது. அதுவரை, ஆசனத்தை இணையத்தில் பிடித்துவைத்துக் கருமபீடத்தில் பணம் கொடுக்கும் வழியையும் திறந்துவைத்திருக்கிறோம். இது நிறைவான தீர்வு அல்ல என்பதை நான் அறிவேன்.

நாளாந்த வேலைக்குள் நுழைத்தவை

வடிவமைப்புக் கோப்பு நிரலரிடம் வரும்போது அதில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: டேப் விசை செல்லும் ஒழுங்கு எண்களால், ஒவ்வோர் உறுப்பையும் திரைவாசிப்பான் எப்படி அழைக்கும் என்ற சொற்கள், பிழை வாக்கியங்கள். இவை இல்லாத கோப்பை நிரலர் திருப்பி அனுப்பலாம். முதல் மாதத்தில் பல கோப்புகள் திரும்பின, மனக்கசப்பும் வந்தது. பின்னர் அது வழக்கமாகிவிட்டது.

நிரல் எழுதும் இடத்தில் விதிமீறலைக் கோடிட்டுக் காட்டும் செருகி ஒன்றைச் சேர்த்தோம். கட்டுமானத்தின்போது, அதாவது எழுதிய நிரல் வெளியீட்டுக்காகத் தொகுக்கப்படும்போது, ஆக்ஸ்-கோர் தானாக ஓடும். இதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும்: பழைய பிழைகள் அனைத்தும் தீரும்வரை எதையும் வெளியிடக் கூடாது என்று முதலில் கட்டுப்படுத்தினோம், மூன்றாம் நாளே ஒருவர் அந்தச் சோதனையை அணைத்துவிட்டார். அவசரத் திருத்தம் ஒன்று காத்திருந்ததால் அவர் செய்தது சரி. பிறகு, இருக்கும் பிழைகளை ஒரு பட்டியலில் உறையவைத்து, புதிய பிழை வந்தால் மட்டும் கட்டுமானத்தை நிறுத்தும்படி மாற்றினோம். பட்டியல் நீளக் கூடாது, சுருங்கலாம். அதன் பிறகு எவரும் அதை அணைக்கவில்லை.

நிரலை மீளாய்வு செய்பவர், வரிகளை வாசிப்பதற்கு முன் சுட்டியைத் தொடாமல் அந்தப் பகுதியை ஐந்து நிமிடம் இயக்கிப் பார்க்க வேண்டும். குவியக் கோட்டை நீக்கும் ஒற்றை வரி எத்தனை கோப்புகளில் நுழைந்திருந்தது என்பது இப்படித்தான் தெரிந்தது. அது 'அசிங்கமாக இருக்கிறது' என்று வடிவமைப்பாளர் நீக்கச் சொன்ன கோடு. இன்று அதே வடிவமைப்பாளர், தடித்த இரட்டைக் கோடாக அதை வரைந்து கொடுத்திருக்கிறார்.

புதன்கிழமை காலை 9:30 முதல் 10 மணி வரை, முறைவைத்து ஒருவர், 'வரும் வெள்ளி இரவு யாழ்ப்பாணத்துக்கு ஒரு யன்னல் ஆசனம்' என்ற பயணத்தைத் திரையின்றி முடிக்க முயல்வார். மற்றவர்கள் பேசாமல் பார்ப்பார்கள். திரையை முற்றாக இருட்டாக்கும் வசதி என்விடிஏ-யிலேயே இருக்கிறது. இந்த அரை மணி நேரம் எங்களுக்குள் பேச்சு வழக்கையே மாற்றியது. ஆயினும், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தடுமாறுவது ஒன்று, பல்லாண்டு திரைவாசிப்பானுடன் வாழ்ந்தவர் பயன்படுத்துவது வேறொன்று. அவர் எங்களைவிட மும்மடங்கு வேகத்தில் கேட்கிறார், தலைப்புகளால் தாவுகிறார், நாங்கள் அறியாத வழிகளை அறிவார். ஆகவே, அந்த ஆசிரியரையும் அவர் அறிமுகப்படுத்திய இன்னும் இருவரையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, மணித்தியாலக் கணக்கில் ஊதியம் கொடுத்துச் சோதிக்கிறோம். உதவியாகக் கேட்பது முறையல்ல, அது தொழில்.

கருமபீடச் சகோதரி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். இணையத்தில் முயன்று முடியாமல் அழைப்பவர் எங்கே சிக்கினார் என்பதை, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவார். கண்புரை உள்ள முதியவர், கையில் மாவுக்கட்டுப் போட்டவர், கை நடுக்கத்தால் பக்கத்து ஆசனத்தை அழுத்திவிடுபவர் எல்லாரும் அந்தக் கொப்பியில் வந்தார்கள். 2.2 ஆம் பதிப்பு பொத்தானுக்குக் குறைந்தது 24 பிக்சல் நீள அகலம் கேட்கிறது. அந்தக் கை நடுக்கக் குறிப்பைப் பார்த்த வடிவமைப்பாளர், எவரும் சொல்லாமலே ஆசனங்களை 44 ஆக்கினார். ஒவ்வொரு திங்களும் கொப்பியின் வரிகள் பணிச்சீட்டுகளாகின்றன. ஆசனத்தைத் தெரிவுசெய்ய முடியாத நிலைக்கும், பணம் செலுத்த முடியாத நிலைக்கும் ஒரே முன்னுரிமைதான்.

விலைக்கூற்றில் 'அணுகல்தன்மை' என்று தனி வரி எழுதுவதை நிறுத்திவிட்டோம். தனி வரியாக இருந்தபோது, பேரம் பேசுபவரின் கை முதலில் அங்கேதான் சென்றது. பொத்தான் செய்யும் விலைக்குள் அதை விசைப்பலகையால் இயக்குவதும் அடங்கும் என்றே இப்போது கணக்கிடுகிறோம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் அங்கீகரித்தது. அதன் 9 ஆம் உறுப்புரை இணையத்தையும் குறிப்பிடுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் ஏதேனும் ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருப்பதாகக் கூறியுள்ளனர். இவற்றையெல்லாம் உரிமையாளரிடம் சொன்னேன், மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். அவருடைய மனத்தை மாற்றியது கொப்பிதான். ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டி, பதிய முடியாமல் திரும்பியவர்களின் வரிகளை அவரே விரலால் எண்ணினார்.

முதல் ஆறு வாரம் வேலை மந்தமாகத்தான் நடந்தது. படிவப்பெட்டி, நாட்காட்டி, அட்டவணை முதலிய 14 உறுப்புகளை ஒருமுறை சரியாகச் செய்து பொதுக் களஞ்சியத்தில் வைத்த பிறகு வேகம் திரும்பியது. நிரலர் ஒருவர் புதிய நாட்காட்டி எழுத நினைக்கும்போது, இருப்பதை எடுப்பதே எளிது என்ற நிலை உருவாகியது. இன்னும் செய்யாதவை உண்டு. பிடிஎப் வடிவில் அனுப்பும் பயணச்சீட்டு திரைவாசிப்பானுக்கு ஒழுங்கற்ற சொற்குவியலாகவே இருக்கிறது. அதற்குப் பதிலாக மின்னஞ்சலின் உடலிலேயே விபரங்களை எழுதுகிறோம், குறுஞ்செய்தியும் அனுப்புகிறோம்.

இந்த ஆண்டு ஜனவரியில் பயிலுநராகச் சேர்ந்த தங்கை ஒருவருக்கு அந்தக் குறுஞ்செய்தியின் வாசகத்தைச் சுருக்கும் வேலை கொடுத்தோம். தமிழில் ஒரு குறுஞ்செய்தித் துண்டில் அதிகபட்சம் 70 எழுத்துக்குறிகளே அடங்கும், ஆங்கிலத்தில் 160. எங்கள் பழைய வாசகம் நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, நன்றி கூறி, மூன்றாம் துண்டில்தான் ஆசன இலக்கத்தைச் சொல்லும். அவர் திருப்பித் தந்த வாசகம் 'ஆசனம் 12, இடது யன்னல்' என்று தொடங்கியது. மீளாய்வுக் குறிப்பில் அவர் எழுதியிருந்தது இது: 'இருட்டில் பேருந்தில் ஏறி நின்று இதைக் காதால் கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவது ஆசனம், ஆகவே அதை முன்னால் வைத்தேன்.' அவருடைய தாளில் இந்த விதி இல்லை; நாங்களும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே அதை வெளியிட்டோம்.